காட்டுப்பன்றியை அறுக்கும் முன்...

தொண்டி, திருவாடானை பகுதியில் நெல் கதிர் பிடித்ததும் இரவுக் காவல் தொடங்கிவிடுகிறது. பகலில் சீமைக்கருவேலப் புதர்களில் பதுங்கும் காட்டுப்பன்றிகள் இரவில் வயலில் இறங்கினால், உழைப்பெல்லாம் வீண். அப்படி அழித்த பன்றி செத்துக் கிடந்தால், தோலை உரித்துக் கறியைப் பங்கு போடத் தோன்றும். அது வேண்டாம்.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் சுட வேண்டியது வனத்துறைதான். விவசாயி கொல்வதும் கறியை வைத்திருப்பதும் குற்றம்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் நோய். 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இருந்தது உறுதியானது. இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வளர்ப்புப் பன்றிகளுக்கு வந்தால் சிகிச்சை இல்லை. இரத்தம், குடல், கத்தி, செருப்பு வழியாகக் கிருமி கொட்டிலுக்குள் போனால் பண்ணையே காலியாகும். அறுப்பவரின் கைக்காயம் வழியே எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையலாம்.

வளர்ப்புப் பன்றியிலும் காய்ச்சல் கண்டதையோ தானாக இறந்ததையோ அறுக்கக் கூடாது. நல்ல பன்றியை அறுத்தாலும் கழிவை ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள். கறியை முழுதாக வேகவையுங்கள்.

செத்த காட்டுப்பன்றியைத் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்லுங்கள். அழைத்த அன்றே வனத்துறை வர வேண்டும். பயிர்ச் சேத இழப்பீடும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். அதுவரை விவசாயிக்கு மட்டும் அறிவுரை சொல்வது பாதி நியாயமே.