உப்புத் தேத்தண்ணியும் இஞ்சித் தேத்தண்ணியும்

போன விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர், ஆசிரியர் மூவரும் சங்கத் தோழர் இருவருமாக, மாவடிப்பள்ளிக்குப் போயிருந்தோம். நம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியரின் ஊர் அது. காரைதீவிலிருந்து அம்பாறைக்குப் போகும் பாதையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. போய் உட்கார்ந்ததும் அவருடைய உம்மா இஞ்சி பிளேன்டீ கொண்டுவந்தார். தட்டிய இஞ்சியைக் கொதிக்கவிட்டு, தேயிலை போட்டு வடித்து, நுரை வர ஆற்றிய தேத்தண்ணி. கோப்பையைக் கையில் தந்துவிட்டுக் கேட்டார்: "ஒங்கட மலையில பறிச்ச தேயிலதானே மகன். நீங்க அங்க என்னத்தப் போட்டுக் குடிக்கிற?"

எங்களில் ஒருவருக்கும் உடனே வாய் வரவில்லை. சீனி இருந்தால் சீனி, இல்லாத நாளில் வெறுஞ்சாயம் என்று எப்படிச் சொல்வது? சீனி வாங்க முடியாத காலத்தில் ஒரு கல் உப்பைப் போட்டுக் குடித்த பாட்டிமார் எங்கள் குடும்பங்களில் இருந்தார்கள். 2022இல் சீனியும் பால்மாவும் கைக்கெட்டாமல் போனபோது அந்தக் கதையெல்லாம் திரும்பவும் லயத்தில் பேசப்பட்டது.

உப்புப் போடுவது கேவலம் என்று நாம் சொல்லவில்லை. காஷ்மீரில் பாலும் உப்பும் சேர்த்த தேநீர்தான் வீட்டுத் தேநீர். 2024 ஜனவரியில் அமெரிக்க இரசாயனப் பேராசிரியை மிஷெல் பிராங்க்ல், ஒரு சிட்டிகை உப்பு தேநீரின் கசப்பைக் குறைக்கும் என்று எழுதப்போய், இங்கிலாந்தில் பெரிய கூச்சல். லண்டனில் உள்ள அமெரிக்கத் தூதரகமே வேடிக்கையாக ஓர் அறிக்கை விட்டது. ருசிக்காகப் போடுகிறவர் போடட்டும்.

ஆனால் அசாமைப் பாருங்கள். அங்கே தோட்டத் தொழிலாளருக்கு வேலை நேரத்தில் உப்புத் தேநீர் கொடுப்பது நெடுநாள் வழக்கம். வியர்வையில் போகும் உப்பு திரும்ப வரும் என்பது காரணமாம். அந்தத் தொழிலாளரைப் பரிசோதித்த ஆய்வாளர்கள் கண்டது, மிகப் பலருக்கு இரத்த அழுத்தம். சாப்பாட்டில் உப்பு, தேநீரிலும் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு என்கிறது. வியர்வைக்கு ஈடாக உப்பைத் தந்த நிர்வாகத்துக்கு, ஈடாகச் சம்பளத்தைத் தரத் தோன்றவில்லை.

யேமன் நாட்டில் கோப்பி பயிரிட்டவர்களின் கதையும் நமக்குப் பழக்கமானதுதான். விலைபோகும் கொட்டையை விற்றுவிட்டு, மிஞ்சிய தோலை இஞ்சியோடு அவித்துக் குடித்தார்கள். கிஷிர் என்று பெயர். நல்ல பானம்தான், இன்றைக்கும் குடிக்கிறார்கள். ஆனாலும் கொட்டை கப்பலேறிப் போனது. இங்கேயும் முதலில் கோப்பிக்காகத்தான் நம் முன்னோரைக் கொண்டுவந்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. கப்பலேறுவது மட்டும் மாறவில்லை.

நாம் பறிக்கும் கொழுந்தில் நல்ல ரகம் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. நம் வீட்டுக்கு வருவது தூள். அதற்கும் சம்பளத் துண்டில் ஒரு வெட்டு விழுகிறது. அந்தத் தூளில் மணம் இல்லாததால் சீனியை அள்ளிப் போடுகிறோம். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் மட்டும் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளை வகுப்பில் பார்க்கிறோம். பத்து மணிக்கே தலை மேசையில் சாய்ந்துவிடும்.

இன்னொன்றையும் பெண் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் கடுஞ்சாயம் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். கீரையில் தேசிக்காய் பிழியுங்கள். இஞ்சி போட்டால் சீனி கொஞ்சம் குறைத்தாலும் தேத்தண்ணி இறங்கும். லயத்துக்குப் பின்னால் சாக்கில் மண் போட்டு இஞ்சி நடலாம். அதற்கும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். வாசல் சாக்குக்குமா!

இஞ்சி நட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். தொழிலாளிக்குக் கொடுக்கும் தேயிலை விற்பனைக்குப் போகும் ரகமாக இருக்க வேண்டும், அதற்குச் சம்பளத்தில் வெட்டு இருக்கக் கூடாது, மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்து குடிக்க நேரமும் நிழலும் வேண்டும். நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது இவை சில்லறைக் கோரிக்கைகள் என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. நம் சங்கத்திலும் அப்படித் தள்ளுகிறவர்கள் உண்டு.

அடுத்த மாதர் கூட்டத்துக்கு வரும் தோழர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டுகளையும், வீட்டிலுள்ள தூளில் ஒரு கரண்டியைக் கடதாசியில் மடித்தும் கொண்டு வாருங்கள். மாவடிப்பள்ளி ஆசிரியர், கடையில் விற்கும் தேயிலை ஒரு பக்கெட் கொண்டுவருகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதுவோம். இஞ்சி எங்கள் பொறுப்பு.