அஞ்சலி மேடையில் யாருடைய குரல்?

ஜாஸ் உலகில் இது நூற்றாண்டுகளின் காலம். 2024இல் சாரா வான், டைனா வாஷிங்டன், பட் பவல், மேக்ஸ் ரோச் ஆகிய நால்வருக்கும் நூறு நிறைந்தது. 2025இல் ஆஸ்கர் பீட்டர்சன். 2026 மே மாதம் மைல்ஸ் டேவிஸ், செப்டம்பரில் ஜான் கோல்ட்ரேன். இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இவர்களில் யாராவது ஒருவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் ஏற்கெனவே வாசித்திருப்பீர்கள், அல்லது அதற்கான ஒத்திகையில் இருப்பீர்கள். மேடை ஏறும் முன் நாம் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இசைத்தட்டில் இருப்பது, பதிவான அந்த ஒரு நாளில் மேதை வந்து சேர்ந்த இடம். அந்த இடத்தைத் திரும்பக் காட்டப் போகிறோமா, அவர் அங்கே வந்த வழியில் நாமும் கொஞ்சதூரம் நடக்கப் போகிறோமா?

இதை யோசிக்க 2009 பிப்ரவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் அடுத்தடுத்து நடந்த இரண்டு கச்சேரிகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. 1959 பிப்ரவரி 28 அன்று அதே அரங்கில் தெலோனியஸ் மங்க் பத்துப் பேர் கொண்ட குழுவுடன் வாசித்தார். அதன் 50ஆம் ஆண்டுக்காக நடந்தவை இவை. முதல் நாள் இரவு ட்ரம்பெட் கலைஞர் சார்ல்ஸ் டாலிவருடையது. பதின்ம வயதில் 1959 கச்சேரியை நேரில் கேட்டவர் அவர். அந்தக் கச்சேரியின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கருவியின் பகுதியையும் காதாலேயே எழுதியெடுத்து, பழைய அமைப்பை அப்படியே மேடையேற்றினார். மறுநாள் இரவு பியானோ கலைஞர் ஜேசன் மோரன் வந்தார். காதில் ஹெட்ஃபோன் மாட்டி மங்கின் பழைய பதிவைக் கேட்டபடியே அதனோடு சேர்ந்து வாசித்துத் தொடங்கினார். மங்கின் முன்னோர் அடிமைகளாக உழைத்த வட கரோலினா நிலத்தின் படங்கள் திரையில் வந்தன. 1959 ஒத்திகைகள் நடந்த மாடி அறையில் புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித் ஒலிநாடாவை ஓடவிட்டு வைத்திருந்தார். அந்த நாடாவில் பதிவான மங்கின் காலடி ஓசை தாளமாக ஒலிக்க, அதன்மேல் குழு வாசித்தது.

எது சரியான அஞ்சலி? இரண்டும் தேவை என்று சொல்லி நழுவிவிடலாம். என் தீர்ப்பு மோரன் பக்கம்தான். ஆனால் டாலிவர் செய்த உழைப்பு இல்லாமல் மோரனின் சுதந்திரம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். மூலத்தைச் சுரம் சுரமாக அறியாதவர் அதை மாற்றுகிறேன் என்று கிளம்பினால், தெரியாததைத்தான் மறைத்துக்கொண்டிருப்பார்.

1959 கச்சேரிக்கு உள்ளேயே இதற்கான பதில் இருக்கிறது. அதற்கு இசையமைப்பை எழுதியவர் ஜூலியார்டில் ஆசிரியராக இருந்த ஹால் ஓவர்டன். மங்க் 1952இல் மூவர் குழுவாகப் பதிவுசெய்த ‘லிட்டில் ரூட்டி டூட்டி’யில் அந்த நிமிடத்தின் கற்பனையில் வாசித்த பியானோ சோலோவை ஓவர்டன் எழுதியெடுத்து, ஏழு ஊதுகருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். ட்ரம்பெட், ட்ராம்போன், ஃபிரெஞ்ச் ஹார்ன், ட்யூபா, மூன்று சாக்ஸபோன்கள். ஒரு மனிதரின் விரல்கள் கணத்தில் கண்டதை ஏழு பேர் நாள்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒன்றாக மூச்செடுத்து வாசிக்க வேண்டியிருந்தது. பியானோவில் சட்டென்று விழும் அந்தக் கோணல் தாவல்களை ட்யூபாவும் ட்ராம்போனும் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கேட்டால் நகல் என்ற சொல் நினைவுக்கே வராது. சுரம் மாறவில்லை, இசை மாறிவிட்டது. நகலெடுத்தாலும் அதில் எடுப்பவரின் சொந்த முடிவு ஒன்று இருக்க வேண்டும்.

2014இல் இன்னொரு குழு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ முழுவதையும் ஒரு சுரம் பிசகாமல் மறுபதிவு செய்து ‘ப்ளூ’ என்று வெளியிட்டது. நுணுக்கமான உழைப்பு. அத்தனைக்குப் பிறகும் இரண்டும் ஒன்றல்ல என்பதே அந்தப் பரிசோதனை காட்டியது. அதைத் தெரிந்துகொள்ள ஒருமுறை செய்தால் போதும்.

பாடகர்களின் சிக்கல் இன்னும் கடினமானது. சாக்ஸபோனை இரவல் வாங்கலாம், தொண்டையை வாங்க முடியாது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு அஞ்சலி என்றால் ‘மேக் த நைஃப்’ இல்லாமல் பட்டியல் முடிவதில்லை. 1960இல் பெர்லின் மேடையில் அந்தப் பாட்டின் நடுவே எல்லாவுக்கு வரிகள் மறந்துபோயின. நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே வரியாக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகர குரலையும் நடுவில் கொண்டுவந்து, பாட்டைக் கரை சேர்த்தார். அந்தப் பதிவுக்கு கிராமி விருது கிடைத்தது. இன்று அந்த மறதியையே மனப்பாடம் செய்து, அதே இடத்தில் தடுமாறி, அதே இடத்தில் சிரிக்கும் பாடகிகளை மேடைகளில் பார்க்கிறோம். திறமை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, துணிச்சல் மட்டும் அங்கே இல்லை. எல்லாவிடம் அன்று இருந்ததே துணிச்சல்தான். அவருக்கு மெய்யான அஞ்சலி செலுத்த விரும்புபவர், வரிகள் கைவிட்டாலும் இசை கைவிடாது என்று சொல்லும் அளவுக்குச் சுருதியையும் தாளத்தையும் பாட்டின் கட்டமைப்பையும் உடம்பில் ஏற்றிக்கொண்டு மேடைக்கு வரட்டும்.

பில்லி ஹாலிடே அஞ்சலிகளில் ஆபத்து வேறு. பலரும் கையில் எடுப்பது 1958இல் பதிவான ‘லேடி இன் சாட்டின்’ காலத்துக் குரலை. மறுவருடம் 44 வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் தேய்ந்த குரல் அது. இருபத்தைந்து வயதுப் பாடகி அந்த விரிசலை வலிந்து வரவழைப்பது எனக்கு உறுத்துகிறது. பில்லியின் கலை விரிசலுக்குள் இல்லை. லெஸ்டர் யங், டெடி வில்சன் ஆகியோருடன் 1937இல் அவர் பாடிய பதிவுகளுக்குப் போங்கள். குரலின் எல்லை சிறியது, அதைத் தெரிந்து மெட்டின் ஏற்ற இறக்கங்களைச் சில சுரங்களுக்குள் சுருக்கிக்கொள்கிறார். சொல்லை அடிக்குப் பின்னால் இழுத்து வைக்கிறார், வரி முடிவதற்குள் தாளத்தோடு வந்து சேர்ந்துவிடுகிறார். ஒரே ஒரு பாட்டை எடுத்து, காலால் நான்கு அடியைத் தட்டிக்கொண்டு, எந்தச் சொல் எந்த அடிக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்று தாளில் குறித்துப் பாருங்கள். ஒரு வாரம் போகும். அதன்பிறகு உங்கள் குரலிலேயே, உங்களுக்கு வசதியான சுருதியிலேயே பாடினாலும் பில்லியின் பாடம் அதில் இருக்கும்.

பில்லியின் நூற்றாண்டான 2015இல் கசாண்ட்ரா வில்சன் செய்ததை இங்கே நினைக்கிறேன். தன் அடர்ந்த தாழ்குரலை மாற்றிக்கொள்ளவில்லை. ராக் குழுவொன்றின் பாஸ், டிரம்ஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். பில்லியின் பாடல்களோடு தானே எழுதிய ஒரு பாட்டையும் சேர்த்தார். 1959 மார்ச்சில் லெஸ்டர் யங் இறந்தபோது அவருடைய இறுதிச் சடங்கில் பாட பில்லிக்கு இடம் தரப்படவில்லை. நான்கு மாதத்தில் பில்லியும் போய்விட்டார். அன்று பாட முடியாமல்போன பாட்டைக் கசாண்ட்ரா எழுதிப் பாடினார். இதைவிடப் பெரிய மரியாதை என்னவென்று எனக்குத் தோன்றவில்லை.

சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கருக்கு ருத்ரேஷ் மகந்தப்பா செலுத்திய அஞ்சலியும் இந்த வகைதான். கத்ரி கோபால்நாத்துடன் ‘கின்ஸ்மென்’ பதிவுசெய்தவர் என்று நம் வாசகர்கள் அவரை அறிவார்கள். 2015இல் வந்த ‘பேர்ட் கால்ஸ்’ தொகுப்பில் பார்க்கரின் உருப்படி ஒன்றைக்கூட அப்படியே வாசிக்கவில்லை. அவற்றிலிருந்து இழைகளைப் பிரித்து, புதிய உருப்படிகளை நெய்தார். கேட்கிறவர் பார்க்கரிடம் திரும்பிப் போகாமல் இருக்க முடியாது.

கூட வாசித்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். டெனர் சாக்ஸபோன் கலைஞர் சார்லி ரவுஸ் 1959 டவுன் ஹாலில் மங்கோடு இருந்தார், பிறகும் பத்து ஆண்டுக்கு மேல் கூடவே இருந்தார். 1980களில் ‘ஸ்ஃபியர்’ குழுவில் மங்கின் இசையை வாசித்தார். 1988இல் கார்மென் மெக்ரே மங்கின் உருப்படிகளை வரிகளோடு பாடிப் பதிவுசெய்தபோதும் அவர் ஊதினார். அந்த ஆண்டு நவம்பரில் இறந்தார். மேதையின் பக்கத்தில் நின்றவர் எந்த நூலிலும் எழுதப்படாத ஆயிரம் விஷயங்களை அறிந்தவர். அப்படிப்பட்ட முதியவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அஞ்சலிக் கச்சேரிக்கு முன்வரிசையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினால் போதாது. ஒத்திகைக்கு அழையுங்கள், உரிய சன்மானம் கொடுங்கள், ஒரு பாட்டையாவது வாசிக்கச் சொல்லுங்கள்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு மாலையில் புகழ்பெற்ற இருபது பாடல்களை அடுக்காதீர்கள். எட்டு உருப்படி போதும், அதில் குறைந்தது இரண்டு, அரங்கம் கேட்டிராதவையாக இருக்கட்டும், ஒன்று வாசிப்பவர் தானே எழுதியதாக இருக்கட்டும். வாழ்க்கைக் கதையைச் சொல்லும் உரையைச் சுருக்கி, அந்த நேரத்தை சோலோவுக்குக் கொடுங்கள்.

டவுன் ஹால் கச்சேரியைப் பேசுகிற பலரும் மங்கின் பெயரைச் சொல்கிறார்கள், ஓவர்டனின் பெயர் விட்டுப்போகிறது. நம் நிகழ்ச்சி நிரல்களிலும் இதே கதைதான். இனி அச்சாகும் ஒவ்வொரு அஞ்சலி நிரலிலும் பாட்டுக்குப் பக்கத்தில் இயற்றியவர், இசையமைப்பை எழுதியவர், பதிவிலிருந்து கேட்டு எழுதியெடுத்தவர் ஆகிய மூவரின் பெயரும் இருக்கட்டும். இல்லாத நிரல் கைக்கு வந்தால், ஒத்திகையின் முதல் நாளே கேளுங்கள்.