கலைக் கல்லூரிக்குப் பழைய கட்டடம்: யாருக்காக, யார் செலவில்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தவுலத் மாளிகைக்குச் செல்லும் தமிழர் எவரும் அதன் மேற்குச் சுவரின் முன் சற்று நேரம் நின்றுவிட்டே திரும்புவர். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றிவளைத்து முறியடித்த காட்சி அச்சுவர் நெடுகத் தீட்டப்பட்டிருக்கிறது. வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, பல்லக்கில் சாய்ந்திருக்கும் பெய்லி, வரிசை வரிசையாகக் குதிரைகள் என்று பார்க்கப் பார்க்கத் தீராத சுவர் அது. மாளிகை 1784இல் எழுந்தது. அதன் ஓவியங்கள் பின்னர் பலமுறை சிதைந்தன. சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்ட காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹவுசியின் ஆணைப்படி மீண்டும் தீட்டப்பட்டன. ஆணையிட்டவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. தூரிகை பிடித்த உள்ளூர்க் கலைஞர்களின் பெயரைச் சொல்வார் இல்லை.

அதே ஊரில், 2017இல், வேறொரு காட்சியைக் கண்டோம். பெங்களூரு–மைசூரு இரட்டை ரயில் பாதைக்கு வழிவிடுவதற்காகத் திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று இடிக்கப்படாமல், அடித்தளத்தோடு பெயர்க்கப்பட்டு, நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைக்கப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் டன் எடை. அதற்கு வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வந்தது. பல கோடி ரூபாயும் கிடைத்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வழியில்லை என்று கைவிரிக்கும் ஆட்சியாளர்களுக்கு, வேண்டும் என்று நினைத்தால் வழி பிறக்கும் என்பதை அந்தக் கிடங்கு இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு, பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூருக்கு வருவோம். நகரின் நடுவே, சயாஜி ராவ் சாலையில், சாமராஜேந்திர தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடம் நிற்கிறது. 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மரச் செதுக்கு, ஈட்டி மரத்தில் தந்தம் பதிக்கும் வேலை, உலோக வேலை, ஓவியம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. மன்னரின் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான். ஆனால் அங்கு கற்றவர்களில் பெரும்பாலோர் உளி பிடித்துப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். 1980களின் தொடக்கத்தில், ஓவியர் ஸ்வெதோஸ்லாவ் ரோரிக்கின் ஆலோசனையைத் தழுவி, அக்கழகத்தின் வழிவந்ததாகச் சாமராஜேந்திர காண்கலைக் கல்லூரி உருவாயிற்று. இன்று கல்லூரி இருப்பது சித்தார்த்த நகரில். பிறந்த வீட்டின் ஒரு பகுதியிலோ அரசின் காவேரி கைவினைப் பொருள் விற்பனையகம் நடக்கிறது.

கல்லூரி தன் பழைய கட்டடத்திற்குள் விரிய வேண்டும் என்பது நியாயமானது. நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் எப்படி விரிவது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மைசூரில் பழங்கட்டடங்களுக்கு இதுவரை வாய்த்த கதி மூன்று வகைப்பட்டது. ஒன்று, விருந்தினர் விடுதி. வைஸ்ராய் வந்தால் தங்குவதற்கென்று 1921இல் கட்டப்பட்ட லலித மகால் 1974 முதல் விடுதியாக இயங்குகிறது. இரண்டாவது, சுற்றுலாப் பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போகும் காட்சிக்கூடம். மூன்றாவது, இடிவது. 2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நான்கு உயிர்கள் போயின. 2016 ஆகஸ்டில் தேவராஜா சந்தையின் வடக்கு வாயில் சரிந்தது. பூக்காரர்களும் காய்கறிக் கடைக்காரர்களும் அந்தச் சந்தையில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். செப்பனிடுவதா, இடித்துக் கட்டுவதா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2023இல் உயர் நீதிமன்றம் இடிப்பதற்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்தது. செப்பனிட வேண்டிய காலத்தில் செப்பனிடாமல் விட்டுவிட்டு, பின்பு ‘பாதுகாப்பற்றது’ என்று சான்றிதழ் கொடுப்பது நம் நாட்டில் கட்டடங்களுக்கு மட்டும் நேர்வதன்று. பொதுத்துறை நிறுவனங்கள் நலிவுற்ற கதையும் இதுவே.

கல்லூரி இயங்கினால் மட்டும் கட்டடம் பிழைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2022 அக்டோபரில் மைசூரு மகாராணி பெண்கள் அறிவியல் கல்லூரியின் நூறாண்டு கடந்த கட்டடத்தில் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. வேதியியல் ஆய்வகம் இருந்த இடம் அது. உயிர்ச்சேதம் நேராதது நல்லூழ். எளிய குடும்பங்களின் பெண்கள் படிக்கும் அரசுக் கல்லூரி அது. ஆகவே கலைக் கல்லூரியைப் பழைய கட்டடத்திற்குள் கொண்டுசெல்வது என்றால், முதலில் கூரை, பிறகு சுவர், அதன்பிறகே வகுப்பு. இந்த வரிசை தலைகீழாகக் கூடாது.

கலைக் கல்லூரிக்கு இன்னொரு அபாயமும் உண்டு. டர்பன்டைன், ஆளி விதை எண்ணெய், மரத்தூள், துணி, உலைக்களம் எல்லாம் சேர்ந்த இடம் அது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலைப் பள்ளியின் கட்டடம் உலகக் கட்டடக் கலையில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுவது; சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் வடிவமைத்து 1909இல் நிறைவுற்றது. 2014 மே மாதத்தில், ஒரு மாணவரின் படைப்புக்கான நுரைப் பொருளிலிருந்து கிளம்பிய வாயு, படவீழ்த்திக் கருவியின் சூட்டில் பற்றிக்கொண்டு, புகழ்பெற்ற நூலகத்தைச் சாம்பலாக்கியது. கோடிக்கணக்கில் செலவிட்டுப் புதுப்பிக்கும் பணி முடியுந்தறுவாயில், 2018 ஜூனில், மீண்டும் தீ. இம்முறை வெளிச்சுவர்களே மிஞ்சின. செல்வம் கொழிக்கும் நாட்டின் நிலை இது. தேக்கு உத்தரங்களும் பழைய மின்கம்பிகளும் உள்ள நம் கட்டடங்களில் தீத்தடுப்புக்குத் தனி நிதி ஒதுக்காமல் ஓவியக் கூடம் திறப்பது பொறுப்பற்ற செயல்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பின்னும் நாம் இந்த விரிவை ஆதரிப்பதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டடத்திற்குத் தேவையான கைகள் கலைக் கல்லூரியில்தான் உருவாகின்றன. நூறாண்டுக்கு முந்தைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. ஈரத்தை உள்வாங்கி வெளியேவிடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, செங்கல் உளுத்து, பூச்சு பெயர்ந்து விழும். பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் சிமெண்டைத்தான் அறிவார். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்துப் பதம் பார்க்கத் தெரிந்த கொத்தனார்களும் சுதை வேலைக்காரர்களும் ஊர்தோறும் அருகிவருகிறார்கள். செப்பனிடும் பணியையே பாடமாக்கி, அம்முதியவர்களைக் கூலியாட்களாக அல்லாமல் ஆசிரியர்களாக, ஆசிரியர்க்குரிய ஊதியத்தோடு அமர்த்தினால், கட்டடமும் நிமிரும். தொழிலும் அடுத்த தலைமுறைக்குப் போகும். தரியா தவுலத் சுவரை மீட்டது அத்தகைய கைகளே.

சாந்திநிகேதன் இதற்குச் சான்று. அங்குள்ள கலா பவனமும் பிற பவனங்களும் மாணவரும் ஆசிரியரும் தீட்டிய சுவரோவியங்களோடு வளர்ந்தவை. இந்தி பவனச் சுவரில் மத்திய காலப் பக்தர்களின் வாழ்வைப் பினோத் பிஹாரி முகர்ஜி தீட்டியது 1947இல். 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலக மரபிடமாக அறிவித்தபோது, அங்கே வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. (அதைக் கொண்டாட வைக்கப்பட்ட கல்வெட்டுகளில் பிரதமரின் பெயரும் துணைவேந்தரின் பெயரும் இருந்தன, தாகூரின் பெயர் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவை மாறின.)

இனி, பணம். ஒன்றிய அரசு 2017இல் ‘மரபிடத்தைத் தத்தெடுங்கள்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே செங்கோட்டை ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற கணக்கில் டால்மியா பாரத் நிறுவனத்தின் பராமரிப்புக்குப் போயிற்று. 2021இல் ஆறு லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள பொதுச் சொத்துகளைப் ‘பணமாக்கும்’ திட்டம் வந்தது. ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் முப்பதாண்டுகள் கழித்தவர்களுக்கும் இச்சொல் தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. நிலத்தை விற்றாலும், குத்தகைக்கு விட்டாலும், அடகு வைத்தாலும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. யார் விற்கிறார், யார் இழக்கிறார் என்று அச்சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். பணமாக்கல் என்ற சொல் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. கல்லூரி விரிவும் ‘அரசு–தனியார் கூட்டு’ என்ற பெயரில் வருமானால், முன்கூடம் ஒரு நிறுவனத்தின் காட்சியகமாகவும், முற்றம் திருமண வரவேற்பு மண்டபமாகவும், மாணவர்களுக்குப் பின்கட்டும் என்று பங்கு பிரிக்கப்படும். இதற்கு உடன்பட இயலாது.

கட்டணமும் இதனோடு பிணைந்தது. மும்பையில் 1857இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப் பள்ளி 2023இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. தகுதி என்று சொல்லப்படுவதன் மறுபக்கம், கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமை மெல்ல நிறுவனத்தின் கைக்குப் போவதாகும். மரபுக் கட்டடத்தைப் பராமரிக்கும் செலவை மாணவர் கட்டணத்தில் ஏற்றினால், தச்சர், குயவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளே முதலில் வெளியேறுவர். 1850இல் தொடங்கிய சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்ததுதான் 1959 முதல் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. கற்பாறையைப் பெயர்க்கும் அந்நால்வரின் பேரப்பிள்ளைகள் கலைக் கல்லூரி வாயிலில் கட்டணம் கேட்டுத் திருப்பி அனுப்பப்படலாமா?

கட்டடம் பெருகினால் ஆசிரியர் வேண்டாமா என்ற கேள்வியும் உண்டு. கர்நாடக அரசுக் கல்லூரிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் 2023 நவம்பரில் வகுப்புகளைப் புறக்கணித்து, பணி நிரந்தரம் கோரித் தெருவுக்கு வந்தனர். அங்கே நடப்பது காங்கிரஸ் ஆட்சி. பெயரில் கௌரவம், ஊதியத்தில் அவமதிப்பு என்ற ஏற்பாடு கட்சிக்குக் கட்சி மாறுவதில்லை. புதிய கூடங்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை ஏற்படுத்தாமல் ரிப்பன் வெட்டினால் அது வெறும் திறப்பு விழாவாகவே முடியும்.

எஞ்சியிருப்பது எல்லாவற்றிலும் சிக்கலானது. பழைய கட்டடம் காலியாக இல்லை. மைசூரு ஈட்டி மரப் பதிப்பு வேலையைத் தலைமுறைகளாகச் செய்துவருபவர்களில் பெரும்பாலோர் மண்டி மொகல்லா போன்ற பகுதிகளில் வாழும் எளிய முஸ்லிம் குடும்பத்தினர். யானைத் தந்தம் தடைசெய்யப்பட்ட பின் வேறு மரங்களையும் மாற்றுப் பொருள்களையும் பதிக்கக் கற்றுக்கொண்டு தொழிலைக் காப்பாற்றியவர்கள். காவேரி விற்பனையகம் அவர்களுக்கு இடைத்தரகர் இல்லாத சந்தைக்கான ஒரு வாயில். ‘மாணவர்களுக்கு இடம் வேண்டும், ஆகவே விற்பனையகம் வெளியேறட்டும்’ என்று அரசு சொல்லுமானால், கைவினைஞரையும் மாணவரையும் எதிரெதிரே நிறுத்தும் வேலையாகவே அது முடியும். மதவெறி அரசியல் விளையாடும் ஊரில் அதன் விளைவு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திப்பு ஜெயந்தியின் பெயரால் நடந்தவற்றை நாம் பார்த்திருக்கிறோம்.

இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்க இயலும். அக்கழகம் எழுந்ததே அப்படித்தான்: ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் வகுப்பு. விற்பனையகம் தரைத்தளத்தில் தொடரட்டும். பதிப்பு வேலைப் பட்டறை ஒன்று அங்கேயே திரும்பட்டும். கல்லூரியின் சிற்ப, பயன்முறைக் கலைத் துறைகள் அதையொட்டி அமையட்டும். செலவு முழுவதும் மாநில அரசின் நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் இடம்பெறட்டும். கட்டடத்தின் இன்றைய வலுவைப் பற்றிய பொறியியல் அறிக்கை கன்னடத்தில் அச்சிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்படட்டும். திட்ட வரைவைத் தீர்மானிக்கும் மேசையில் மாணவர் பிரதிநிதிக்கும் மண்டி மொகல்லாவின் கைவினைஞர்களுக்கும் இருக்கை வேண்டும். அந்தக் கூட்டத்தை அரசு அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே கூட்ட வேண்டும்; மைசூரில் சுவர்கள் பெரும்பாலும் விழுவது மழையில்தான்.