பள்ளி செஸ் போட்டி: தோற்ற ஆட்டத்தை முதலில் அலச வேண்டியது யார்?

பள்ளி மாணவர்களுக்கான செஸ் போட்டி நடக்கும் அரங்க வாசலில் அடிக்கடி காணும் காட்சி இது. தோற்றுவிட்டு மகள் வெளியே வருகிறாள். அப்பா அவள் எழுதிய தாளை வாங்கி, நகர்த்தல்களை மொபைலில் உள்ள செஸ் இன்ஜினில் போடுகிறார். சிவப்புக் குறி விழுகிறது. "இருபதாவது மூவ்ல குதிரையை ஏம்மா அங்க வச்சே?" மகளிடம் பதில் இல்லை. அதற்குள் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

அப்பாவின் அக்கறையில் குறையில்லை. வரிசைதான் தப்பு.

இன்ஜினுக்குத் தெரியாதது என்ன?

ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்கள் எது தவறு என்று நொடியில் காட்டிவிடும். அந்தத் தவறு ஏன் நடந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. எதிராளியின் மிரட்டலைக் கவனிக்கவில்லையா? கவனித்தும் கணக்கு தப்பியதா? கடிகாரத்தைப் பார்த்துப் பதறிவிட்டாளா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது நடந்தது என்பதைச் சொல்லக்கூடியவள் ஆடியவள் மட்டுமே.

குகேஷ் கதை என்ன சொல்கிறது?

2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் குகேஷ். அவரை ஆரம்ப ஆண்டுகளில் இன்ஜின் பக்கமே போகவிடாமல் வளர்த்தவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் முதலில் வரட்டும் என்பதே நோக்கம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம், இன்ஜின் கணக்குப்படி டிராவை நோக்கித்தான் போனது. ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் விடாமல் ஆடினார். 55-வது நகர்த்தலில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகளும் பிஷப்புகளும் வெட்டுப்பட, மிஞ்சியது டிங்குக்குத் தோல்வியான சிப்பாய் ஆட்டம். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ரேபிட் போட்டிகளில் நகர்த்தல்களை எழுதுவது கட்டாயமில்லை. எனவே ஆட்டம் முடிந்ததும், நினைவிலிருந்து முடிந்தவரை எழுதச் சொல்லலாம். எங்கே பயந்தாள், எங்கே நேரம் போனது, வேறு எதை யோசித்தாள் என்று ஓரத்தில் இரண்டு வரி போதும். முடிந்தால் எதிராளியோடு உட்கார்ந்து பேசட்டும். அலசல் மறுநாள் நடக்கலாம். இன்ஜின் கடைசியில் வரட்டும்.

"கிராண்ட்மாஸ்டர்களே இன்ஜினைத்தானே நம்புறாங்க?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது காட்டும் நகர்த்தலுக்குக் காரணம் கண்டுபிடிக்க அவர்களால் முடியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் விடைத்தாள்.

இதில் போவது ரேட்டிங் மட்டுமல்ல. மொபைலுக்குப் பயந்த பிள்ளை தோற்ற ஆட்டத்தின் தாளை மறைக்கத் தொடங்கும். பிறகு ரிஸ்க் எடுக்கவே தயங்கும். அடுத்த முறை மகள் தோற்று வெளியே வந்தால், அப்பா கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "சாப்டியா?" ஆட்டத்தைப் பற்றி அவளே பேசுவாள்.