கோடையும் நமக்குத்தான்

1901 கோடை விடுமுறை. கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, புத்தாடை உடுத்தி, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறினான் சிறுவன் பீமராவ். மசூர் நிலையத்தில் இறங்கியதும், மகர் என்று தெரிந்து வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டைக் கூலி கொடுத்துச் சிறுவர்களே வண்டியை ஓட்டினார்கள். கையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் தர ஆளில்லாமல் பட்டினியோடு படுத்தார்கள்.

உணவகம், கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை எங்கும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2) பிரிவு. ஆனாலும், ஊர்க்கிணற்றில் நம் பிள்ளைகள் குதித்தால் முறைப்பவர்கள் இன்றும் உண்டு.

தோழர்களே, கல்லூரி திறக்கவும் வேலைக்குத் திரும்பவும் இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. தம்பி தங்கைகளைக் குளத்துக்கும் அருவிக்கும் கூட்டிப் போங்கள். யாராவது தடுத்தால், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுங்கள். குடும்பத்தோடு மகிழ்ந்திருப்பதும் நம் உரிமைதான்.