ஸ்டிக்கர் ஸ்டாம்பைத் தண்ணியில போடாதீங்க மக்களே!

ஸ்டாம்பு சேர்க்கிறவர் யாரிடம் போய்க் கேட்டாலும் முதல் பாடம் ஒன்றுதான். உறையிலிருந்து ஸ்டாம்பைக் கத்தரி, கிண்ணத்துத் தண்ணீரில் போடு, அரை மணி நேரம் கழித்து மெதுவாக உரி, கவிழ்த்துப் போட்டுக் காயவை. தாத்தா அப்பாவுக்குச் சொன்னது, அப்பா பிள்ளைக்குச் சொல்வது. இந்தப் பாடத்தில் தப்பில்லை, ஆனால் காலாவதியாகிப் போச்சு. காலாவதியான மருந்தைப் பாசத்தோடு கொடுத்தாலும் அது விஷம்தான்.

கடையத்தையே எடுத்துக்கொள்வோம். பாரதி 1918 கடைசியிலிருந்து 1920 வரை குடியிருந்த, செல்லம்மாவின் ஊர். இந்த ஊரில் ஸ்டாம்பு சேர்க்கிற எவரும் முதலில் தேடுவது 1960-ல் வந்த 15 நயா பைசா பாரதி ஸ்டாம்பாகத்தான் இருக்கும். அது நீர்ப்பசை ஸ்டாம்பு. தண்ணீரில் போட்டால் பசை கரையும், உறை ஒரு பக்கம், ஸ்டாம்பு ஒரு பக்கம் என்று சமர்த்தாகப் பிரியும். அந்தப் பழக்கத்திலேயே லண்டனிலிருந்து வந்த உறையையும் அமெரிக்காவிலிருந்து வந்த உறையையும் அதே கிண்ணத்தில் போடுகிறார்கள். ஒரு மணி நேரமானாலும் பிரியாது. ராத்திரி முழுக்க ஊறப்போடுவார்கள். காலையில் நகத்தால் சுரண்டுவார்கள். கடைசியில் கிடைப்பது நடுவில் கிழிந்து, பின்னால் பிசுபிசுக்கும் ஒரு காகிதத் துண்டு. "வெளிநாட்டு ஸ்டாம்பே மட்டம்ப்பா" என்று தீர்ப்பு வேறு!

மட்டம் ஸ்டாம்பு இல்லை, முறைதான். ஏன் என்று பார்ப்போம்.

ஸ்டிக்கர் ஸ்டாம்பு ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. 1964-லேயே ஆப்பிரிக்காவின் சியரா லியோன் தன் தேசப்பட வடிவத்திலேயே வெட்டி இதை வெளியிட்டது. ஈரப்பதம் அதிகமான நாட்டில் நீர்ப்பசை ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வீணாகின்றன என்பது ஒரு முக்கியக் காரணம். 1969-ல் டோங்கா அதே வழியில் வந்தது. அதாவது குற்றாலச் சாரல் மாதிரி ஈரம் தங்கும் ஊர்களுக்காகவே யோசித்துச் செய்த சமாச்சாரம் இது. அதைச் சாரல் ஊர்க்காரர்களே தண்ணீரில் முக்கிக் கொல்வதை என்னவென்று சொல்ல?

1974-ல் அமெரிக்கா ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டாம்பில் இதைச் சோதித்துப் பார்த்தது. 10 சென்ட், புறா உருவம். நாளாக நாளாகப் பசை காகிதத்துக்குள் ஊறி, ஸ்டாம்பு பழுப்பேறிப் போனது. ஆல்பத்தில் பத்திரமாக வைத்திருந்த ஸ்டாம்பும் தப்பவில்லை. அங்கேயே அடுத்த முயற்சி 1989-ல்தான். அப்புறம் சேகரிப்பவர்களின் புலம்பலைக் கேட்டு, காகிதத்துக்கும் பசைக்கும் நடுவே தண்ணீரில் கரையும் ஒரு மெல்லிய படலம் வைத்தார்கள். அதனால் 1990-களின் அமெரிக்க ஸ்டிக்கர் ஸ்டாம்புகள் பலவும் தண்ணீரில் பிரியும். 2000-களின் நடுவில் அந்தப் படலத்தையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் தண்ணீருக்கு மசியாது.

பிரிட்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. ராணி தலை போட்ட சாதாரண ஸ்டாம்புகளில் 2009-லிருந்து வளைவான கீறல்கள் வந்தன. உரித்து மறுபடி ஒட்டப் பார்த்தால் ஸ்டாம்பு அந்தக் கீறலில் துண்டாகும். தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். 2022-ல் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் தனித்தனி பார்கோடும் வந்துவிட்டது. உரிக்கவே கூடாது என்று தயாரித்த பொருளை உரித்தே தீருவேன் என்று கிண்ணத்தோடு உட்கார்ந்தால் ஜெயிப்பது யார்?

சரி, தண்ணீர் வேண்டாம், வேறு திரவம் இருக்கிறதே என்று ஒரு கோஷ்டி கிளம்பும். வெளிநாட்டில் சிலர் ஹெப்டேன் பயன்படுத்துகிறார்கள். சிலர் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ஏர் ஃப்ரெஷ்னர் அடித்து உரித்து, பின்பக்கம் டால்கம் பவுடர் தடவுகிறார்கள். வேலை செய்கிறதா? செய்கிறது. ஆனால் ஹெப்டேன் சட்டென்று தீப்பிடிக்கும், அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும். இந்தக் குறிப்பு நம்மூர் வீட்டுக்குள் வரும்போது ஹெப்டேன் பெட்ரோலாகவும் தின்னராகவும் மண்ணெண்ணெயாகவும் மாறிவிடும். மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையை விட்டுப் போகும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் மையையே கரைக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை அடுப்படி ஓரத்தில் பெட்ரோல் கிண்ணத்தோடு உட்காரும் அளவுக்கு எந்த ஸ்டாம்புக்கும் மதிப்பு இல்லை.

அப்போ என்னதான் செய்வது? ரொம்ப சிம்பிள். உரிக்காதே. அவ்வளவுதான்.

உறையில் முத்திரை தெளிவாக இருந்தால் உறையை முழுசாக வைத்துக்கொள். இடம் இல்லையா? ஸ்டாம்பைச் சுற்றி நாலா பக்கமும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் உறைக்காகிதம் விட்டு நேராகக் கத்தரித்து வை. முத்திரை வெளியே நீண்டிருந்தால் அதையும் சேர்த்தே கத்தரி. ஒட்டாத புது ஸ்டிக்கர் ஸ்டாம்பு என்றால் அதன் வழவழப்பான பின்தாளிலிருந்து எடுக்கவே கூடாது. அந்தத் தாள்தான் அதற்கு வீடு.

இதைக் கேட்டதும் பழைய ஆட்கள் மூன்று ஆட்சேபணை சொல்வார்கள்.

முதலாவது, ஆல்பத்தில் பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டுமே! ஸ்டாம்பு என்பது என்ன? தபால் கூலியை முன்கூட்டியே கட்டியதற்கான ரசீது. முத்திரை என்பது அந்த ரசீது பயன்பட்டுவிட்டது என்பதற்கான சான்று. வணிகவியல் படிக்கிற எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள், வவுச்சரிலிருந்து கையெழுத்தை மட்டும் அழகாக வெட்டி எடுத்து ஃபைலில் வைத்தால் ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா? எந்த ஊரில் போட்டது, எந்தத் தேதி, எத்தனை ஸ்டாம்பு சேர்த்து எவ்வளவு கூலி, எந்த ஊருக்குப் போனது... இத்தனையும் உறையில் இருக்கிறது. ஸ்டாம்பை மட்டும் உரித்தால் மிஞ்சுவது வெறும் படம். படம்தான் வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது, ஸ்டிக்கரெல்லாம் ஸ்டாம்பே இல்லை, அதைச் சேர்க்கவே வேண்டாம். இது கொஞ்சம் கெளரவமான ஆட்சேபணை மாதிரி தெரியும், ஆனால் சோம்பேறித்தனம். 1852-ல் சிந்து மாகாணத்தில் வந்த சிந்த் டாக் நினைவிருக்கிறதா? அதன் சிவப்பு வகை அரக்கு வில்லையில் அழுத்திச் செய்தது. தொட்டால் நொறுங்கும். அதனாலேயே இன்று மிஞ்சியவை மிகச் சில. "இது அரக்கு, ஸ்டாம்பு இல்லை" என்று அன்றைக்கு ஒருவர் தூக்கிப் போட்டிருப்பார். எடுத்து வைத்தவர் புத்திசாலி. காப்பது கஷ்டம் என்பது சேர்க்காமல் இருக்கக் காரணமாகாது. அதைக் கவனமாகச் சேர்க்கத்தான் அது காரணம்.

மூன்றாவது, இடமும் காசும் அதிகமாகும். கொஞ்சம் ஆகும்தான். ஆனால் கணக்குப் போட்டால், செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்றில் நூறு உறைகளை நிற்க வைக்கலாம். உரித்துக் கிழித்த நூறு ஸ்டாம்புகளுக்கு மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்தை வைக்க எவ்வளவு சின்ன ஆல்பம் போதும் என்று பெருமைப்படுவது என்ன கணக்கோ!

அடுத்தது, வைக்கும் இடம். இங்கேதான் தென்காசிப் பக்கத்துக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு உஷாராக இருக்க வேண்டும். ஜூனில் சாரல் தொடங்கினால் துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, காகிதம் எம்மாத்திரம்? ஸ்டிக்கர் பசை எப்போதும் காய்வதில்லை. சூடும் அழுத்தமும் பட்டால் ஓரத்தில் கசிந்து எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆல்பங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனரி கடையில் மலிவாகக் கிடைக்கும், திறந்ததும் பிளாஸ்டிக் நெடி அடிக்கும் பிவிசி ஆல்பம் ஆகவே ஆகாது. பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகிதப் பைகளோ போதும். பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம். பாச்சா உருண்டை பூச்சியைத் துரத்தும், ஈரத்தைத் துரத்தாது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்காரர் சண்டை என்று நினைக்க வேண்டாம். 2017-ல் மத்திய அரசு தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும், ஸ்டாம்பு சேர்க்கிற பிள்ளைகளுக்கு வருஷம் 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வினாடி வினாவும் ஒரு புராஜெக்டும் வைத்துத் தேர்வு. கடையத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்தப் பிள்ளையிடம் ஃபெவிகாலையும் சார்ட் பேப்பரையும் கொடுத்து "ஒட்டு" என்று சொல்வதுதான் ஸ்டாம்பு வளர்ப்பா? ஒட்டிய அன்றே அந்த ஸ்டாம்பின் கதை முடிந்தது. நாலு மூலையிலும் காகித முக்கோணம் வைத்துச் செருகக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. புராஜெக்டும் ஆகும், ஸ்டாம்பும் பிழைக்கும்.

கடிதம் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2025-ல் பதிவுத் தபாலையே ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் ஸ்டாம்புக்குப் பதில் அச்சடித்த சீட்டு ஒட்டுவதுதான் இன்றைய வழக்கம். இனி ஒரு வீட்டுக்கு உண்மையான ஸ்டாம்பு ஒட்டிய உறை வருஷத்துக்கு ஒன்று வந்தாலே அதிசயம். வருகிற அந்த ஒன்றையும் கிண்ணத்தில் முக்கிச் சுரண்டுவதற்குப் பெயர் சேகரிப்பு இல்லை.

கத்தரிக்கோலை எடுங்கள், கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.