பனிக்கட்டி பார்க்கவா இத்தனை லட்சம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. சாப்பாடு முடிந்து பந்தல் நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, அரை மணி நேரத்தில் ஒரு புருஷன் பெண்டாட்டியின் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். விசேஷ வீட்டில் எதற்கு வாக்குவாதம் என்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன். படிக்கிறவர்களில் அந்தப் பந்தலில் இருந்தவர்களும் உண்டு என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் சித்தப்பா மகனுக்கு 54 வயது. அவன் மனைவிக்கு 49. எட்டு விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஒரே பையன் சியாட்டிலில் வேலையில் இருக்கிறான். வருகிற மே மாதம் அப்பா அம்மாவை அங்கே வரவழைத்து, அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தான். அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். பையன் கூடப் போகவில்லை.

"பனிக்கட்டி பாக்கவா இத்தனை லட்சம்? ஃப்ரிட்ஜைத் திறந்தா தெரியப்போவுது" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். "கப்பல்னாலே சூதாட்டம், குடிதாம்ப்பா" என்றார் இன்னொருவர். "இந்த வயசுல தேனிலவா?" என்றது ஒரு குரல். கடைசியாக ஒரு பெரியவர் மிகவும் அன்பாக, "தறியெல்லாம் ஒரு வழி பண்ணிட்டு, அறுபதுக்கு மேல நிதானமா போயிட்டு வாயேண்டா, கப்பல் எங்க ஓடிப்போவுது?" என்றார். தம்பி தலையாட்டினான். அவன் மனைவி எச்சில் இலை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். அன்று இரவே பையனுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கேலி செய்தவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அன்பாகச் சொன்ன அந்தப் பெரியவர் மேல்தான் கோபம். ஏனென்றால் அவர் சொன்ன புத்திமதிப்படி நடந்து பார்த்தவன் நான்.

2023 ஜூனில், எனக்கு 68, என் வீட்டுக்காரிக்கு 64 வயதில், இதே அலாஸ்கா கப்பலில் போனோம். எப்படிப் போனோம்? மகளுக்குப் பிரசவம். நம்மூர் அப்பா அம்மாக்கள் அமெரிக்கா போகிற முகூர்த்தம் அது ஒன்றுதானே! ஐந்து மாதம் பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, ராத்திரி கண்விழிப்பு எல்லாம் முடிந்தபின், ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால், பாவம் என்று பிள்ளைகள் அனுப்பிவைத்தார்கள். மகளைக் குறை சொல்லவில்லை, அவளும் நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் அந்தக் கப்பலில் ஏறும்போது என் மனைவிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன.

ஜூனோ என்ற ஊரில் மெண்டன்ஹால் என்றொரு பனியாறு இருக்கிறது. ஊரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். அங்கே பார்வையாளர் கூடத்திலிருந்து ஏரிக்கரையோரமாக ஒரு மைல் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நடந்தால், ஓர் அருவியின் அடிவாரத்தில் நிற்கலாம். ஏற்றம் கிடையாது, சமதரைப் பாதை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள். பாதி தூரம் போனேன். தனியாகப் பார்த்து என்ன செய்ய என்று திரும்பிவிட்டேன். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது, "பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

பத்து வருஷம் முன்னால் எங்களிடம் காசு இல்லாமலா இருந்தது? அந்தக் காசில் மாடி கட்டினோம். அந்த மாடி இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது.

கப்பல் என்றால் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதானே, அதற்கு எதற்கு இளமை என்று கேட்பீர்கள். கப்பலில் உட்காரத் தெம்பு வேண்டாம்தான். கப்பல் வரைக்கும் போய்ச் சேரத்தான் தெம்பு வேண்டும். சென்னையிலிருந்து சியாட்டிலுக்கு, நடுவில் விமானம் மாறி, முழுசாக ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அங்கே போனபின் பகல் இரவு தலைகீழ். பனிமலையைப் பார்க்கிற அன்று மேல்தளத்தில் காற்றில் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். வயது ஏற ஏறப் பயணக் காப்பீட்டுப் பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே உள்ள வியாதிக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. கப்பலில் டாக்டர் உண்டு, சின்ன மருத்துவ அறையும் உண்டு, ஆனால் பெரிதாக ஏதாவது என்றால் அடுத்த ஊர் வரவேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர் வரவேண்டும். இதெல்லாம் ஐம்பது வயதில் ஒரு விஷயமே இல்லை. எழுபதில் இதுதான் முழு விஷயமும்.

குளிர் என்று பயமுறுத்தினார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல்கள் ஓடுவது கோடையில் மட்டும்தான், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. ஜூனோவில் ஜூன் மாதப் பகலில் 15, 16 டிகிரி இருக்கும். டிசம்பரில் கொடைக்கானல் போனவர்களுக்கு அது புதிதில்லை. திருத்தணி வெயிலில் 42 டிகிரியைத் தாங்குகிற உடம்பு, இரண்டு சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டால் அதையும் தாங்கும். குளிரைவிட மழைதான் தொந்தரவு. கெட்சிகன் என்று ஓர் ஊர், நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்வதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெய்கிற ஊர். அங்கே நாங்கள் குடையும் கையுமாக ஒரு தெரு நடந்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

சூதாட்டம், குடி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். புதுச்சேரியில் அதை நிறுத்தக்கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. பேப்பரில் எல்லாம் அதே பேச்சு. அதற்கு முன்னால் நம் தலைமுறைக்குக் கப்பல் என்றால் ரஜூலாதான். 1926ல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பிழைக்கப் போனவர்களின் கப்பல் அது. பிழைப்புக்குக் கப்பல் ஏறினால் நமக்குப் புரிகிறது. பார்ப்பதற்கென்று ஏறினால் ஊதாரித்தனம் என்கிறோம். அலாஸ்கா கப்பலிலும் சூதாட்ட அறை இருக்கிறது, மறைக்கவில்லை. அதைத் தாண்டித்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவேண்டும். திருத்தணி பஸ் ஸ்டாண்டு போகிற வழியில்கூடத்தான் ஒயின் ஷாப் இருக்கிறது. அதற்காக முருகனைப் பார்க்காமல் வருகிறோமா?

"அந்தக் காசுக்கு நாலு கோயில் போகலாம்" என்றும் ஒருவர் சொன்னார். கோயிலையே எடுத்துக்கொள்வோம். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படி. நம் பக்கத்தில் எத்தனை பேர் வயசான பிறகு நரசிம்மரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் டோலியில் போனார்கள்! டோலிக்குக் கூச்சப்பட்டு அடிவாரத்திலேயே தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியவர்களையும் எனக்குத் தெரியும். 2024ல் ரோப் கார் வந்துவிட்டது, நல்லதுதான். அது வருவதற்குள் போய்ச் சேர்ந்தவர்களை என்ன செய்ய?

இனி, எதற்காக நடுவயதுத் தம்பதிக்கு இது பொருந்தும் என்கிறேன் என்பதைச் சொல்லவேண்டும். பனிமலை அழகு என்று மட்டும் சொன்னால் அந்த ஃப்ரிட்ஜ்காரர் ஜெயித்துவிடுவார்.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் 29 வருஷம் ஷிப்ட் பார்த்தவன். நான் தூங்கும்போது அவள் விழித்திருப்பாள், நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குவாள். குழந்தைகள் பள்ளிக்கூடம், ரேஷன், மாமனார் மாமியார் வைத்தியம் என்று பேசுவதெல்லாம் கணக்குப் பேச்சு. தறிக்காரர்கள் வீட்டில் வேறு மாதிரி. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருப்பார்கள், ஆனால் தறிச் சத்தத்தில் கத்தினால்தான் காது கேட்கும். நூல் தீர்ந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது, சேட்டு பணம் அனுப்பவில்லை, இதைத் தவிரக் கத்திப் பேச என்ன இருக்கிறது? என் தம்பியும் அவன் மனைவியும் சாப்பிடும்போதுகூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். முப்பது வருஷப் பழக்கம்.

அந்தக் கப்பலில் ஏழு நாள் அவளுக்கு அடுப்பு இல்லை. பாத்திரம் இல்லை. பெட்டியை ஒரே ஒரு தடவை பிரித்து வைத்தால் போதும், ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது. காசி, கேதார்நாத் போனால் தினம் ஒரு லாட்ஜ், தினம் மூட்டை கட்டுவது, அதையும் அவள்தானே செய்கிறாள்? ராத்திரி பத்து மணி வரைக்கும் அங்கே வெளிச்சம் இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன செய்வது என்று தெரியாமல் முதல் இரண்டு நாள் விழித்தோம். மூன்றாம் நாள்தான் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பொதட்டூர்பேட்டையில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனதும், ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு எழுதாமல் விட்டதும், அது எங்கள் நிச்சயதார்த்தத்தினால்தான் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும். நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

ஐந்தாம் நாள் கிளேசியர் பே என்ற விரிகுடாவுக்குள் கப்பல் போனது. அது தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. பூங்கா அதிகாரிகள் படகில் வந்து நம் கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். 1794ல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது அந்த விரிகுடா முழுக்கப் பனிக்கட்டியாக அடைத்திருந்ததாம். இன்றைக்கு அந்தப் பனி நூறு கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. மார்ஜரி என்ற பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றது. கடல் மட்டத்துக்கு மேலேயே 250 அடி உயரச் சுவர். வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், நீலமாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற கப்பலில் ஒரு சத்தம் இல்லை. ஒரு துண்டு சரிந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்ததைக் கண் பார்த்து முடித்தபின்தான் இடி மாதிரிச் சத்தம் வந்தது. உருக்காலையில் பாதி காதைத் தொலைத்தவன் நான், எனக்கே கேட்டது. மேல்தளத்தில் அவளால் நிற்க முடியாமல் கண்ணாடிக் கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு வெளியே நான், உள்ளே அவள். அவளுக்குச் சத்தம் கேட்டிருக்காது.

எல்லோரும் போங்கள் என்று நான் சொல்லவில்லை. தறியை அடகு வைத்துப் போகாதீர்கள். சும்மா உட்கார்ந்தால் கைகால் உதறுகிறவர்கள், கடை கடையாக ஏறி இறங்க ஆசைப்படுகிறவர்கள் துபாய் போகலாம். இருபது பேர் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு போனால் அது காதுகுத்துதான், கப்பலில் நடக்கிற காதுகுத்து. கட்டணத்துக்கு மேல் ஊழியர்களுக்கு டிப்ஸ் என்று ஒரு நாளைக்கு ஆளுக்குப் பதினாறு டாலருக்கு மேல் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும், கரையில் இறங்கிச் சுற்றுவதற்குத் தனிக் காசு. அது தெரியாமல் போய் நாங்கள் கொஞ்சம் விழித்தோம். ஆனால் என் தம்பி கடன் வாங்கிப் போகவில்லை. பையன் சம்பாத்தியம், பையனின் ஆசை. அன்று அந்தப் பந்தலில் மொய் எழுதிய நோட்டைக் கூட்டினால் என்ன தொகை வந்திருக்கும்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் ஷாமியானாவுக்கும் மைக்செட்டுக்கும் செலவானபோது யாரும் ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லவில்லையே.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். பையனுக்கு இன்றைக்கே போன் போடு. சியாட்டிலில் ஏறுகிற கப்பல் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். 1886ல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டத்தால், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாகவேண்டும். அதனால் நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா மட்டும் போதாது, கனடா விசாவும் வேண்டும். இது தெரியாமல் துறைமுகம் வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பற்றிக் கப்பலில் பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நாளாகும், இப்போதே விண்ணப்பம் போடு. வான்கூவரில் ஏறுகிற கப்பல் கிடைத்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் தீவுகளுக்கு நடுவிலேயே போகும், ஆட்டம் குறைவு. சைவச் சாப்பாடு வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடு. ஊறுகாயை மறக்காதே.

உன் மனைவி போன மாதம் என்னிடம், "மாமா, அங்க சேலை கட்டலாமா?" என்று கேட்டாள். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. கட்டலாம்மா. உள்ளே கம்பளி பனியனும் காலுறையும் போட்டுக்கொள், செருப்பு வேண்டாம், ஷூ வாங்கிக்கொள். உன் அக்கா ஏழு நாளும் சேலைதான் கட்டினாள். அவளுடைய கம்பளிக் கோட்டு இங்கே பீரோவில் சும்மாதான் தொங்குகிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.